சிங்கராஜ வனம் செல்வோருக்கு

காடு என்ற சொல்லைக் கேட்டதும் வடபுலத்தாரின் மனக்கண்முன் எழுவது வன்னிக்காடே. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்து, ஆனி ஆடி வெயிலிலே சோர்ந்து நின்று, ஐப்பசி மழை கண்டதும் தளிர்த்தெழும் காடு அது. கிழக்கிலங்கையாருக்கும் ஏறக்குறைய அதுவே காடு. ஆனால், இதே தீவின் தென்மேற்கிலே, ஆண்டு முழுவதும் ஈரம் உலராத வேறொரு காடு இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே ஓராண்டிற் பெய்யும் மழை சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவினது. இங்கேயோ 3,000 மில்லிமீற்றருக்குக் குறைவது அரிது. 5,000ஐத் தொடும் இடங்களும் உள. இதுவே சிங்கராஜ வனம்.

அங்கே சென்று திரும்பியவருட் சிலர், “என்ன இருக்கிறது அங்கே? மரமும் அட்டையுந்தான்!” என்று சலித்துக்கொள்வதுண்டு. அவர்களைக் குறைகூறுவதிற் பயனில்லை. யாலவுக்கும் வில்பத்துவுக்கும் ஜீப் வண்டியிற் சென்று யானையும் மானும் கண்டு பழகியவர்கள், அதே எதிர்பார்ப்புடன் இங்கும் வருகின்றனர். சிங்கராஜத்திலே காட்டினுள் நடந்தே திரியவேண்டும். சிறுத்தை அங்கு உண்டு. ஆயினும், அதனைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலரே. விலங்கைத் தேடிப் போகிறவர் ஏமாறுவர். காட்டையே பார்க்கப் போகிறவர் ஏமாறமாட்டார். அக்காடு இன்று அங்கே நிற்பதற்கு ஒரு கதையும் உண்டு. அதனையும் அறிந்துகொண்டு செல்வது நன்று.

சிங்கராஜ வனம் சபரகமுவ, தென் மாகாணங்களுக்கு இடையே, இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கின்றது. கிழக்கு மேற்காக 21 கிலோமீற்றர் நீண்டது. வடக்குத் தெற்காக ஏழு கிலோமீற்றருக்கு மேற்படாதது. வடபுறத்து ஓடைகள் களு கங்கையையும் தென்புறத்து ஓடைகள் ஜின் கங்கையையும் சென்று சேர்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் 300 மீற்றரிலிருந்து ஹினிபிட்டிகல என்னும் சிகரத்திலே 1,170 மீற்றர் வரை நிலம் உயர்கின்றது. ஆங்கிலேயர் காலத்திலே, 1875 ஆம் ஆண்டில், இது முடிக்குரிய காடாக்கப்பட்டது. 1978 ஆம் ஆண்டிலே உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்கப்பட்டது. 1988 ஆம் ஆண்டிலே 8,864 ஹெக்டேயர் பரப்பு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

பெயரிலே சிங்கம் இருப்பதற்குக் காரணம் வினவினால், முற்காலத்தில் இவ்வனத்திலே ஒரு சிங்கராஜன் வாழ்ந்தான் என்று கிராமத்தவர் கதை சொல்வர். கதை எப்படியாயினும், இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள குருவிட்டையிலே கிடைத்த தொல்லுயிர்ப் பற்களைக் கொண்டு, இலங்கையிலே ஒரு காலத்திற் சிங்கம் வாழ்ந்தது என 1939 ஆம் ஆண்டிலே பி. ஈ. பி. தெரணியகல எழுதினார். ஆகவே, கிராமத்தவர் கதையை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

இனி, அங்கே செல்லும் வழியைக் கூறுவோம். வனத்துக்குள் நுழையும் வாயில்கள் சில உள. தமிழ் வாசகருக்கு உகந்தவை இரண்டு: வடமேற்கிலே குடாவ, தெற்கிலே பிட்டதெனிய. முதன்முறை செல்வோர் குடாவ வழியையே கொள்வது நன்று.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி நூறு கிலோமீற்றர் அளவு. புறக்கோட்டையிலே பஸ் ஏறினால் மூன்று மணிநேரத்துக்குச் சற்று முன்பின்னாகப் போய்ச் சேரலாம். யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதத்தில் வருவோர் கோட்டை நிலையத்தில் இறங்கிப் புறக்கோட்டைக்கு நடந்தே வந்துவிடலாம். மட்டக்களப்பார் கொழும்புக்குச் செல்லத் தேவையில்லை. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரியூடாக வரும் ஏ4 நெடுஞ்சாலையே பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என நீண்டு மட்டக்களப்பிலே முடிகின்றது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தாரும் பெரகலையிலே இதே சாலையைப் பிடிக்கலாம்.

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை ஊடாகக் கலவானைக்குப் பஸ் உண்டு. கலவானையிலிருந்து வெத்தாகல; அங்கிருந்து குடாவ. இக்கடைசித் துண்டுக்குப் பஸ் வண்டிகள் சிலவே ஓடுகின்றன. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் கலவானையில் முச்சக்கரவண்டி பிடிக்கலாம். சொந்த வாகனத்தில் வருவோர் தெற்கு அதிவேகப் பாதையிலே வெலிப்பன்னை வரை வந்து, மத்துகம, அகலவத்தை, பதுரலிய ஊடாகக் கலவானையை அடைவதுமுண்டு. றப்பர்த் தோட்டங்களும் சிறு தேயிலைத் தோட்டங்களும் மாறிமாறி வரும் அழகிய வழி அது. ஆயினும் வளைவுகள் மிகுதி; வண்டியிலே தலைசுற்றும் பிள்ளைகளுக்கு முன்னரே ஒரு தேசிக்காயைக் கையிற் கொடுத்து வையுங்கள்.

இரத்தினபுரி வழியாகச் செல்வோர் ஓர் ஊரைக் கவனித்துச் செல்லவேண்டும். அவிசாவளையை அடையுமுன் வருவது கொஸ்கம. அங்கே அமையவிருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையின் பசிக்கு இரையாகச் சிங்கராஜமும் அதனைச் சூழ்ந்த காடுகளும் குறிக்கப்பட்டன. 1968 ஆம் ஆண்டிலே அத்தீர்மானம் எடுக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிக்கும் தளபாடத்துக்கும் பலகை வேண்டும், அந்நியச் செலாவணியை மீதப்படுத்தவேண்டும் என்ற நியாயங்கள் அக்காலத்திலே வலிமை வாய்ந்தவையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்திலே இயந்திரங்கள் வந்தன. மலைச்சரிவை அறுத்து, கனரக வண்டிகள் செல்லப் பாதை போடப்பட்டது. பன்னூறாண்டு நின்ற மரங்கள் சாய்ந்தன. இயற்கை ஆர்வலரும் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்புக்குரல் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1977 ஆம் ஆண்டிலே மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. அதற்குள் மேற்குப் புறத்தில் ஒரு பெரும் பகுதி கோடரி கண்டுவிட்டது.

குடாவ வாயிலிற் சீட்டுப் பெற்று நாம் நடந்து செல்லும் பாதை இருக்கின்றதே, அது அன்று மரம் ஏற்றிச் செல்ல வெட்டிய அதே பாதைதான். இவ்வளவு அடர்ந்த காட்டினுள்ளே, முதியோரும் சிறுவரும் நடக்கக்கூடிய அகன்ற பாதை எப்படி வந்தது என்று வியப்போர் இதனை அறிதல் வேண்டும்.

வெட்டினால் மறுபடி நட்டுக்கொள்ளலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். நெல்லைப்போல் விதையைக் கோட்டையிற் சேர்த்துவைத்து வேண்டியபோது விதைக்கக்கூடிய மரங்களல்ல இவை. சிங்களத்திலே ஹொர, துன், பெரலிய எனப்படும் பெருமரங்களின் விதைகள் நிலத்தில் விழுந்து சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும். இன்றேல் உயிர் போய்விடும். முளைத்த கன்றும் தாய்மரத்தின் நிழலிலே, ஒரு சாண் இரு சாண் உயரத்தில், ஆண்டுக்கணக்கிலே காத்துக்கிடக்கும். மேலே ஒரு முதுமரம் சாய்ந்து வெளிச்சம் வந்தாற்றான் அதற்கு வாழ்வு. முதுமரம், நிழல், ஈரம், மண் ஆகிய யாவும் ஒருங்கே இருந்தாற்றான் இக்காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். மேலும், இங்குள்ள மரங்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. இங்கே அழிந்தால் வேறெங்கும் போய்க் கன்று கொண்டுவர இயலாது.

இவ்வியல்பினை ஆராய்வதற்காகப் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் வனத் திணைக்களத்தாரும் சேர்ந்து 1993 ஆம் ஆண்டிலே 25 ஹெக்டேயர் நிலத்தை வனத்தினுள்ளே அளந்து ஒதுக்கினர். விரற்பருமனான கன்றுகூடத் தப்பாமல், ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்களுக்கு இலக்கம் இட்டுக் கணக்கெடுத்தனர். 200க்கு மேற்பட்ட இனங்கள் அத்துண்டிலே காணப்பட்டன. பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர் இப்பணியிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள்.

குடாவவிலே வனத்தை நெருங்கும்போது முதலிற் கண்ணிற்படுவது பைன் மரங்கள். இவை அயல்நாட்டு மரங்கள். மூலவனத்துக்கு ஒரு வேலிபோல நடப்பட்டவை. அவற்றின் நிழலிலே உள்ளூர் மரங்களை வளர்த்துப் பார்க்கும் முயற்சி தொண்ணூறுகளில் தொடங்கியது. பைன் காட்டினுள்ளே சற்று நின்று செவிகொடுத்துக் கேளுங்கள், ஓசை குறைவு. பின்னர் மூலவனத்துட் கால்வைத்ததும் சில்வண்டின் ஒலியும் நீரொலியும் பறவைக்குரலும் ஒருங்கே வந்து சூழும். அவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை.

வனத்தினுள் முதற் சில நிமிடங்கள் கண்ணுக்கு யாவும் ஒரே பச்சையாகத் தோன்றும். நின்று பார்த்தால் அடுக்குகள் பிரிந்து தெரியும். தலைக்குமேல் முப்பது நாற்பது மீற்றர் உயரத்திலே மரங்களின் முடிகள் ஒன்றோடொன்று கூடிக் கூரை வேய்ந்திருக்கும்; அதனையும் பொத்துக்கொண்டு சில பெருமரங்கள் மேலே நிற்கும். கூரையின் கீழ் நடுத்தர மரங்கள், அவற்றின் கீழ் கன்றுகள், பன்னங்கள், பிரம்புக் கொடிகள். பல இலைகளின் நுனி வேல்முனைபோல் நீண்டிருப்பதைக் கவனியுங்கள். மழைநீர் இலையிலே தங்காது வழிந்துபோவதற்கு அவ்வமைப்பு உதவுகின்றது. நம் தேசிய மரமாகிய நாகமரத்தின் தளிர் செக்கச்செவேலென்று இருக்கும்; தூரத்திற் பார்ப்பவர் பூவென்றே எண்ணுவர். ஹொர மரத்தின் காய்க்கு இரண்டு சிறகுகள்; கீழே விழுகையிற் பம்பரம்போற் சுழன்று வரும். வெளிச்சம் படும் பாதையோரங்களிலே கெண்டிபோன்ற இலைநுனியில் நீர்வைத்துப் பூச்சி பிடித்துண்ணும் செடியையும் காணலாம். சிங்களத்தில் அதனைப் பந்துரா என்பர். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் மரமஞ்சளும் இக்காட்டுக் கொடியே.

பறவைகளைக் காணும் விதம் இங்கே தனியானது. அரைமணிநேரம் ஒரு சிறகசைவும் இராது. திடீரென்று கிளைகளெங்கும் பறவை மயமாகும். பலவகைப் பறவைகள் ஒரு படைபோல் ஒன்றுகூடி இரைதேடிச் செல்வதே காரணம். செம்மஞ்சள் அலகுடைய புலுனிகள் முன்னே கலகலவென்று கிளறிச் செல்ல, கொண்டைக் கரிச்சான் காவலன்போல் மேலேயிருந்து பார்த்துவரும், மற்றவை பின்தொடரும். இக்கரிச்சான் பிற பறவைகளின் குரலைத் தானும் எழுப்பிக் கூட்டத்தைத் தன்பால் ஈர்க்கின்றது என்பதை எபென் குடேல், சரத் கொட்டகம என்னும் ஆய்வாளர்கள் 2006 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். செம்முகப் பூங்குயிலும், கெஹிபெல்லா எனப்படும் நீலநிறக் காக்கையினப் பறவையும் இக்கூட்டத்தோடு வருவதுண்டு. நீலமும் செம்பழுப்பும் கலந்த அப்பறவையை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். இலங்கைக்கே உரிய பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றை இவ்வொரு வனத்திலே காணக்கூடும். 1995 ஆம் ஆண்டிலே கித்துள்கலைக் காட்டிற் குரல் மாத்திரம் கேட்கப்பட்ட ஒரு சிற்றாந்தையை, 2001 ஆம் ஆண்டிலே இவ்வனத்திலேயே தீபால் வரகாகொட கண்ணாற் கண்டார். விஞ்ஞானம் அதுவரை அறியாத இனம் அது. ஒட்டுப்பலகை இயந்திரங்கள் நிறுத்தப்பட்டு இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன!

ஆகையால், உரத்துப் பேசுவோருக்கு இவ்வனம் எதனையும் காட்டாது. பள்ளிக்கூடப் பிரயாணங்களிலே றபானும் பாட்டுமாக வருவது நம் வழக்கம். அதனை வெறுக்கவில்லை, பஸ்ஸினுள்ளே நன்றாகப் பாடட்டும். வாயிலில் இறங்கியதும் நிறுத்திவிட்டால் போதும். நாற்பது பேர் ஒரே வரிசையிற் செல்லாமல், சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கொரு வழிகாட்டியுடன் செல்லுமாறு ஆசிரியர்கள் ஏற்பாடு செய்தல் நன்று.

வழிகாட்டி இன்றி உள்ளே செல்ல அனுமதியில்லை. சீட்டும் வழிகாட்டியும் வாயிலிலுள்ள வனத் திணைக்களக் காரியாலயத்திலே கிடைக்கும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அதனை இங்கு குறிக்கவில்லை. வழிகாட்டிகள் பெரும்பாலும் அயற் கிராமத்தைச் சேர்ந்த சிங்கள இளைஞர்கள். எங்கே எந்த மரப்பொந்தில் எது இருக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நமக்குச் சிங்களம் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கு அவர்கள் சொல்லும் செய்தி இரட்டிப்பாகும்.

அக்கிராமத்தவர் இக்காட்டை நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். பனை சீவும் தொழிலை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கு, கித்துள் சீவுவோரைக் காண்கையில் உறவினரைக் கண்டாற்போல் இருக்கும். பாளையைப் பக்குவப்படுத்திச் சீவுவதும், பதநீரைக் காய்ச்சிப் பாணியாக்குவதும், மேலும் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பதும் நம்மூர் முறையை ஒத்தனவே. ஹல் என்னும் மரத்தின் கொட்டையை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கி, இடித்து மாவாக்கிப் பிட்டு அவிப்பதும் உண்டு. வழியிலே கித்துட் கருப்பட்டி கிடைத்தால் வாங்கத் தவறாதீர்கள். பனங்கட்டியோடு ஒப்பிட்டு எது சிறந்ததென்று வீட்டிலே வாதாடிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியாகிய பிட்டதெனிய, காலி, மாத்தறைப் பக்கத்திலிருந்து வருவோருக்கு ஏற்றது. அக்குரெஸ்ஸ ஊடாகத் தெனியாய சென்று, அங்கிருந்து பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலுள்ள மெதேரிபிட்டியவை அடைந்து, பின்னர் நடக்கவேண்டும். இறக்குவானையிலிருந்தும் மலைப்பாதையாகத் தெனியாயவுக்கு வரலாம். இவ்விரு நகரங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. தேயிலை நிரைகள் வனத்தின் விளிம்புவரை ஏறி வந்திருப்பதைப் பார்க்கையில், இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு பெரிய காட்டின் எச்சம் என்பது விளங்கும். ஜின் கங்கையின் ஓடைகளும் கெக்குன எல்ல என்னும் நீர்வீழ்ச்சியும் இவ்வழியின் சிறப்பு. பாதை குடாவவிலும் ஒடுங்கியது, வழுக்குமிடங்கள் அதிகம்.

இயந்திரக் கோடரி ஓய்ந்தபோதிலும் வனத்துக்கு வரும் இடையூறு ஓய்ந்துவிடவில்லை. வல்லப்பட்டை என்னும் மரத்திலே வாசனைப் பிசின் உண்டு என்ற செய்தி பரவிய பின்னர், அதனைக் களவாக வெட்டிக் கடத்துவோர் புகுந்தனர். 2020 ஆம் ஆண்டிலே லங்காகமவிலிருந்து தெனியாயவுக்கு வனவிளிம்பினூடாகப் பாதையை விரிவாக்கியபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. நோயாளியைச் சுமந்து செல்லும் கிராமத்தவரின் குறை மெய்யானதே. ஆயினும், குடாவப் பாதையின் வரலாற்றை அறிந்தவர், காட்டினுள் ஒரு பாதை எதற்காகத் தொடங்கி எதற்குப் பயன்படும் என்று அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. வனத்திலே ஓர் இலையையோ விதையையோ பூச்சியையோ எடுத்துவருதல் சட்டப்படி குற்றமாகும். பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்துக்கென்று சேகரிக்க விரும்பும் மாணவர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கொப்பியிலே வரைந்து வருதல் போதும்.

போகத் தகுந்த காலம் தை முதற் சித்திரையின் முற்பகுதி வரையும், ஆவணி மாதமும் ஆகும். வைகாசி, ஆனியிலே தென்மேற்குப் பருவமழை கடுமையானது. 2003, 2017 ஆம் ஆண்டுகளின் மே மாதங்களிலே இரத்தினபுரி மாவட்டத்திலே வெள்ளமும் மண்சரிவும் பேரிழப்பை விளைவித்தன. அக்காலத்திலே வானிலை அறிவித்தலைக் கேளாமற் புறப்படுதல் கூடாது. நல்ல காலத்திலும் பிற்பகலில் மழை வரக்கூடும். ஆகவே, விடியற்காலையில் நுழைவதே சிறந்தது. பறவைக் கூட்டங்களும் அவ்வேளையிலேதான் சுறுசுறுப்பாக இருக்கும்.

அட்டையைப் பற்றிக் கேட்காத தாய்மார் இல்லை. அட்டை உண்டு, மழை பெய்த நாளில் மிக உண்டு. நீண்ட காற்சட்டையும், அதன் நுனியை உள்ளே செருகிய நீண்ட காலுறையும் அணிந்து, காலுறையின்மேற் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கடித்தாலும் நோவு இல்லை. இரத்தம் சிறிது நேரம் கசிந்து நின்றுவிடும். அதனினும் கவனிக்க வேண்டியது சருகின் நிறமொத்த சிறு விரியன் பாம்பு. வழிகாட்டியின் அடியொற்றி, பாதை விட்டு விலகாது நடப்போருக்கு அஞ்சவேண்டியதில்லை. கிளையையோ கொடியையோ பாராமற் பற்றிக்கொள்ளுதல் ஆகாது. பச்சை விரியன் அங்கே சுருண்டிருக்கலாம்.

குடையிலும் மழையங்கி நல்லது. குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டுசெல்லுங்கள். சோறு கட்டிய தாளையும் போத்தலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே நாளிற் கொழும்புக்கு மீள நினைப்போர் வனத்தை ஓடியோடிப் பார்க்க நேரிடும். முதல்நாள் மாலை கலவானையிலோ, குடாவ அயலிலுள்ள தங்குமிடங்களிலோ இரவைக் கழித்து, மறுநாட் காலை நுழைந்து, நண்பகலுக்குப் பின் வெளியேறுவது வசதியானது. குடாவவிலிருந்து கலவானைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை, காலையில் இறங்கும்போதே சாரதியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அங்கே கேட்பதற்கு ஆள் இராது.